இரண்டாவது அடைப்புக்கு முன்

கீழவெளி,
10 ஜனவரி 2025.

அன்புத் தம்பி சுஹைபுக்கு, லாத்தா கமருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் மச்சானும், உன் வீட்டில் ஹாஃபிஸாவும் மகள் ஆஷிகாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பிடித்தால் "லாத்தா, டூட்டி" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு டூட்டி கிடையாது. ஜாஃபர் சாதிக் விடுப்பு முடிந்து உங்கள் கேம்ப் சமையல்கட்டுக்கே திரும்புகிறான். அவன் கையில் நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் நம் கிழக்கு வயல்தான். வாப்பா காலத்தில் எரிவாயு எடுக்கிறோம் என்று துளை போட்டு, ஒன்றும் தேறாமல் இரும்பு மூடியைப் போட்டுவிட்டுப் போனார்களே, அந்தக் கிணறு. அதைச் சுற்றி மூன்று மா நிலத்துப் பயிரும் இந்த வருஷம் மஞ்சளித்துப் போய்விட்டது. தண்ணீர் நின்றால் மூடியைச் சுற்றிக் கொப்புளம் கிளம்புகிறது, உலை கொதிக்கிற மாதிரி. பக்கத்து வயல் வீரையன் ஒரு நாள் தீக்குச்சியைக் கிழித்துக் கிட்டே கொண்டு போனார். பப்பென்று பிடித்துக்கொண்டது. புருவம் கருகி நிற்கிறார் மனுஷன். "அக்கா, நாம வயல்ல நிக்கல, அடுப்பு மேல நிக்கிறோம்" என்கிறார்.

மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கிணறு எங்கள் பொறுப்பில்லை என்கிறது ஒரு ஆபீஸ். நிலம் எங்கள் பொறுப்பில்லை என்கிறது இன்னொரு ஆபீஸ். நீ அங்கே எண்ணெய்க் கிணற்றுக்குள் சிமெண்ட் இறக்குகிற வேலையிலேயே தலை நரைத்தவன். ஒரு வழி சொல்லு. அடுத்த ஆற்றுத் தண்ணீர் வருவதற்குள் அதன் வாயை அடைத்தாக வேண்டும். அடைக்காமல் நான் விடப்போவதில்லை.

துஆவுடன்,
லாத்தா.


கேம்ப்,
4 பிப்ரவரி 2025.

அன்புள்ள லாத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் நலம். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, அதற்கும் எனக்கும் பழகிவிட்டது. மச்சானின் சர்க்கரை எவ்வளவில் இருக்கிறது? கடையில் உட்கார்ந்து பலகாரத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருவாடு வந்து சேர்ந்தது. பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் இப்போது எனக்குச் சொந்தக்காரர்கள்.

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். நம் அரசும் இந்த நாட்டு அரசும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கைவிட்ட பழைய கிணறுகளை நிரந்தரமாக அடைக்க வேண்டும் என்று. செலவு நம் அரசுடையது. முறையும் பயிற்சியும் எங்கள் கம்பெனியுடையது. வேலையைச் செய்வது அங்குள்ள ஒப்பந்தக்காரர். முதலில் ஒரு கிணற்றை மாதிரிக்கு மூடிக் காட்ட வேண்டும். எந்த ஊருக்குப் போனால் ஜனங்கள் மறிப்பார்களோ என்று மேலாளர்கள் வரைபடத்தை விரித்து வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். நானே போய்ச் சொன்னேன்: எங்கள் வயலிலேயே ஒன்று இருக்கிறது, நிலம் என் கூடப் பிறந்த லாத்தா பெயரில், ஒரு தொந்தரவும் வராது, அதற்கு நான் பொறுப்பு. அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டார்கள்.

ஆட்கள் வந்தால் ஒத்துழைப்புக் கொடுங்கள். எங்கள் முறையில் ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். ஆபத்து என்று தோன்றினால் வேலையிடத்தில் யார் வேண்டுமானாலும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கலாம். தரை கூட்டுகிறவர் தூக்கினாலும் மெஷினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய பிறகுதான் ஏன் என்று கேட்கலாம். தூக்கினவரை யாரும் திட்டக் கூடாது. அங்கேயும் அதே முறைதான் வரும்.

அன்புடன்,
சுஹைப்.


கீழவெளி,
26 பிப்ரவரி 2025.

அன்புத் தம்பிக்கு, ஸலாம். எல்லோரும் நலம். மச்சானின் சர்க்கரையைக் கேட்டாயே, அதை நான் கேட்டால் "கடையில கூட்டம்" என்கிறார். நீயும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

அறுவடை முடிந்தது. கிணற்றடி மூன்று மாவில் பதர்தான். பரவாயில்லை, உன் ஆட்கள் வந்துவிட்டார்கள். இஞ்சினியர் ஒரு பெண், பெயர் இசைவாணி, திருப்பனந்தாள் பக்கம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்த பிள்ளை. வயலில் இறங்கும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். 'ஆபத்து எனத் தோன்றினால் யாரும் வேலையை நிறுத்தலாம்' என்று நல்ல தமிழில். கை தூக்குவதை இசைவாணி எனக்குச் செய்து காட்டினாள். நாம் துஆவுக்கு ஏந்துகிற அதே கை, கொஞ்சம் உயரம். "இவ்வளவுதானா?" என்றேன். "இவ்வளவுதாம்மா. ஆனா யாரும் தூக்க மாட்டாங்க" என்று சிரித்தாள்.

ஏப்ரல் கடைசியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் வந்து பார்க்க ஒரு விழாவாம். பந்தலுக்கு இப்போதே வீரையன் வயலை அளந்து பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம், 'கிணறு முறைப்படி மூடப்பட்டது, நிலத்தைப் பெற்றுக்கொண்டேன்' என்று. அதற்குப் பிறகு எது கிளம்பினாலும் என் பாடு. அதனால் கேட்கிறேன். சரியாக மூடினார்களா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

லாத்தா.


கேம்ப்,
18 மார்ச் 2025.

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம். ரமலான் முபாரக். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? இங்கே கேம்பில் ஜாஃபர் சாதிக் நம் ஊர்க் கஞ்சியே காய்ச்சுகிறான். மல்லி இலைக்குத்தான் தட்டுப்பாடு.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சுலபம். கிணற்றுக்குள் மூன்று இடத்தில் சிமெண்ட் அடைப்பு வரும். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. கீழ் அடைப்பைப் போட்டதும் அது இறுகக் காத்திருக்க வேண்டும். மறுநாள் வரைக்கும் கை வைக்கக் கூடாது. இறுகிய பிறகு மேலிருந்து அழுத்தம் கொடுத்து மீட்டரைப் பார்ப்பார்கள். ஊசி நின்ற இடத்திலேயே நின்றால் அடைப்பு நல்லது. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது அடைப்பு. பார்க்காமலே இரண்டாவதை ஊற்றிவிட்டால், கீழே இருப்பது நல்லதா கெட்டதா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கிணறும் கெட்ட கிணறும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்று உம்மா சொல்வது இந்த வேலைக்குத்தான் பொருந்தும். கவலைப்படாதீர்கள், நம் முறையில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஆஷிகாவுக்குப் பெருநாள் துணி எடுத்துக் கொடுங்கள். சென்னையில் கல்லூரி பார்க்கலாம் என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

சுஹைப்.


கீழவெளி,
24 ஏப்ரல் 2025.

தம்பி சுஹைபுக்கு, ஸலாம். எல்லோரும் நலம், எனக்குத் தொண்டை கட்டியிருப்பதைத் தவிர. ஏன் கட்டியது என்று சொல்கிறேன்.

நேற்று காலையில் கீழ் அடைப்பைப் போட்டார்கள். மத்தியானம் வெயில் தாங்காதே என்று மோர் கொண்டு போனேன். போனால், இரண்டாவது அடைப்புக்குச் சிமெண்ட் கலக்குகிறார்கள். மெஷின் ஓடுகிறது. நீ எழுதியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. "ஏம்மா, மறுநாள் வரைக்கும் காத்திருக்கணுமாமே?" என்று இசைவாணியிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "விழாவை நாளைக்கே முன்னாடி தள்ளிட்டாங்கம்மா" என்றாள். அவளுக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் தூக்கினேன்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. வீரையன் பார்த்துவிட்டு வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் திரும்பினார்கள். மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கை வலிக்க ஆரம்பித்தது, தம்பி. கார்க் கண்ணாடித் துடைப்பான் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த இசைவாணி விடுவிடென்று போய்ச் சாவியைத் திருப்பினாள். சத்தம் நின்றது.

ஒப்பந்தக்காரரின் மேனேஜர் ஓடி வந்தார். "யாரு இவங்க? யாரு நிறுத்தச் சொன்னது?"

"நெலத்துக்காரம்மா சார்" என்றாள் இசைவாணி.

"அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே."

"போர்டுல ஸ்டாஃபுன்னு எழுதல சார். யாரும்னுதான் எழுதியிருக்கு."

அவர் என்னிடம் வந்து தன்மையாகத்தான் பேசினார். நாளைக்கு இரண்டு நாட்டு ஆட்கள் வருகிறார்கள், மானம் போகும், விழா முடியட்டும், அப்புறம் சோதனை பண்ணிக் காட்டுகிறோம் என்றார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டு, அப்புறம் தோண்டிக் காட்டுறேன்னு சொல்றீங்களா?" என்று கத்தியதில்தான் தொண்டை கட்டியது. இன்று விழா இல்லை. வேலையும் இல்லை. பந்தல் மட்டும் நிற்கிறது. ஊசியைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ உன் மேலாளர்களிடம் சொல்லு.

லாத்தா.


கேம்ப்,
6 மே 2025.

மதிப்பிற்குரிய லாத்தாவுக்கு, ஸலாம். நான் நலம். உங்கள் கடிதத்தை ஆஷிகா போட்டோ எடுத்து அனுப்பியதால் உடனே கிடைத்தது. இதையும் அப்படியே அனுப்புகிறேன்.

மேற்படி நிலத்தில் வேலை நின்றதால் இரண்டு தரப்பு அதிகாரிகளுக்கும் சங்கடம் ஏற்பட்டுள்ளது. இது மாதிரித் திட்டம். இதில் தடங்கல் வந்தால் மற்ற கிணறுகளும் தள்ளிப் போகும். அங்கு போட்டுள்ள சிமெண்ட் சீக்கிரம் இறுகும் வகை என்று ஒப்பந்தக்காரர் தெரிவித்துள்ளார். ஆகவே சோதனையைப் பிற்பாடு வைத்துக்கொள்வதில் தவறில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன், உங்களுக்கே தெரியும்.

ஆஷிகாவுக்குச் சென்னை வேண்டாம். மயிலாடுதுறையிலேயே கல்லூரி பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுஹைப்.


கீழவெளி,
9 மே 2025.

தம்பிக்கு, ஸலாம். நலம்.

மேற்படி நிலம் என்றால் எந்த நிலம்? நீ வரப்பில் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட நிலமா? உன் கடிதத்தை மச்சானிடம் படித்துக் காட்டினேன். "தாசில்தார் ஆபீஸிலிருந்தா வந்திருக்கு?" என்று கேட்டார். கையெழுத்து உன்னுடையதுதான். பேச்சு யாருடையது?

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆஷிகாவின் கல்லூரியைப் பற்றி எழுதிய இரண்டு வரியில் உன் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. நான் உன் வயிற்றில் அடிக்கிறேன் என்று ராத்திரியெல்லாம் அழுதேன். ஆனாலும் அந்தக் கிணற்றைச் சுற்றி நாற்று நடப் போகிறவர்கள் வீரையன் பெண்டாட்டியும் நானும் இந்த ஊர்ப் பொம்பளைகளும்தான். அதிகாரிகள் யாரும் சேற்றில் இறங்கப் போவதில்லை.

அதனால் நியாயம் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சோதனை பார்க்காமல் மூடிய கிணற்றின் மேல், தண்ணீர் கட்டிய பிறகு, ஆஷிகாவை நாற்று நட அனுப்புவாயா? அனுப்புவேன் என்று ஒரு வரி எழுது. அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். சத்தியம்.

லாத்தா.


கீழவெளி,
13 ஜூன் 2025.

அன்புத் தம்பிக்கு, ஸலாம். ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை. ஹாஃபிஸாவிடம் மட்டும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாயாம். ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. குர்பானிக் கறியில் உன் பங்கை ஹாஃபிஸா வீட்டில் கொடுத்துவிட்டு வரும்போது மனசே சரியில்லை. தம்பியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பெருநாளைக்கு ஜாஃபர் சாதிக் வந்தான். வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேரே இங்கே வந்து உட்கார்ந்தான். நீ எழுதாததை எல்லாம் அவன் சொல்லிவிட்டான்.

இரண்டு நாட்டு அதிகாரிகளும் பெரிய திரையில் பேசிக்கொண்ட கூட்டத்துக்கு டீ கொண்டு போனது அவன்தானாம். குடும்பத்துக்குச் சம்மதம் என்று மட்டும் சொல்லச் சொல்லி உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்களாம். "லாத்தா, உங்க தம்பி வாயவே தொறக்கல. அப்பறம் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. நான் டீத் தட்ட மேசையில வெச்சுட்டேன்" என்கிறான். கிணற்று வேலை பார்த்து மேலே வந்த அந்த நாட்டு அதிகாரி ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கை தூக்கியாயிற்று, நிறுத்துங்கள். இனிமேல்தான் ஏன் என்று கேட்க வேண்டும்" என்றாராம். அதன் பிறகு நீ பேசினாயாம், நெடுநேரம்.

மறுநாளிலிருந்து உன்னைக் கிணற்றுத் தளத்திலிருந்து எடுத்து, ஸ்டோரில் தலைக்கவசம் அடுக்க வைத்திருக்கிறார்களாம். தூக்கினவரைத் திட்டக் கூடாது என்று எழுதினாயே. திட்டவில்லைதான், சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

இதை நீ எனக்கு எழுதாமல் இருந்தது தப்பு. எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, உன்னை நாலு அறை அறையலாம் போலவும் இருக்கிறது. மேட்டூர் திறந்தாயிற்று. தண்ணீர் கடைமடைக்கு வர இன்னும் கொஞ்ச நாள்தான். கிணறு திறந்த வாயோடு கிடக்கிறது. பதில் எழுது.

லாத்தா.


கேம்ப்,
19 ஜூன் 2025.

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம். நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கேட்காமல் விட்டேன். அந்தக் கடிதத்தை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தேன். 'அனுப்புவேன்' என்று எழுதக் கை வரவில்லை. 'அனுப்ப மாட்டேன்' என்று எழுதினால் அதைப் படிக்க வேண்டியவர்கள் நீங்கள் இல்லை, இந்த அதிகாரிகள். அதனால்தான் உங்களுக்கு எழுதாமல் இவர்கள் எதிரே போய் நின்றேன். பயந்தேன் லாத்தா. இத்தனை வருஷமாகப் புதிதாக வருகிற ஆட்களுக்கெல்லாம் அந்தக் கையைச் சொல்லிக் கொடுத்தவன் நான். நான் தூக்கியது அதுதான் முதல் தடவை.

சோதனைக்கு இங்கிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். தண்ணீர் வருவதற்குள் முடிக்கச் சொல்லி இரண்டு அரசுகளும் எழுதியாயிற்று. நீங்கள் மீட்டர் பக்கத்திலேயே நில்லுங்கள். ஊசி இறங்கினால் எவ்வளவு சமாதானம் சொன்னாலும் விடாதீர்கள், மறுபடி துளைத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இசைவாணியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரில் வேலை லகுவாக இருக்கிறது. ஏ.சி. உண்டு. இடுப்புக்கு நல்லது.

சுஹைப்.


கீழவெளி,
11 ஜூலை 2025.

அன்புத் தம்பி சுஹைபுக்கு, ஸலாம். இங்கே எல்லோரும் நலம். முழங்காலுக்குச் சேற்றில் நின்றால் வலி தெரிவதில்லை.

உன் ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். இசைவாணி, வீரையன், மச்சான், நான், எல்லோரும் மீட்டரைச் சுற்றிக் கூடிவிட்டோம். அழுத்தம் கொடுத்தார்கள். ஊசி ஏறி நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது, வீணாக எல்லோரையும் வதைத்துவிட்டேனோ என்று. பிறகு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. தட்டிப் பார்த்தார்கள், மீட்டரை மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் இறங்கியது. மேனேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க கையத் தூக்கலன்னா, நாம எல்லாரும் இதுக்கு மேல பந்தல் போட்டு உக்காந்திருப்போம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீந்த மோரைக் கொடுத்தேன்.

கெட்ட அடைப்பைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். இந்த முறை காத்திருந்தார்கள். ஊசி நின்றது. நடு அடைப்புக்கும் நின்றது, மேல் அடைப்புக்கும் நின்றது. மூடியை அறுத்தெடுத்து, மேலே மண்ணைத் தள்ளி மட்டம் பண்ணிவிட்டார்கள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். விழா வைக்கவில்லை. பந்தல்காரருக்குத்தான் வருத்தம்.

முந்தாநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மூன்று மாவிலும் கட்டினோம். நானும் வீரையனும் கிணறு இருந்த இடத்தில் குனிந்து வெகு நேரம் பார்த்தோம். ஒரு கொப்புளம் இல்லை. தவளைதான் குதித்தது. அவர் தீக்குச்சிப் பெட்டியை எடுத்தார். "புருவம் இப்பத்தான் மொளைச்சிருக்கு, வேணாம்" என்றேன். கேட்கவில்லை, கிழித்தார். குச்சி சும்மா எரிந்து அணைந்தது.

உன் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை, அடுத்த மாதத்தோடு முடிகிறது என்று ஹாஃபிஸா சொல்லிவிட்டாள். ஏ.சி., இடுப்புக்கு நல்லது என்று எனக்கா கதை விடுகிறாய்? வா. தலை குனிந்து வராதே. திருச்சிக்கு மச்சான் கார் கொண்டு வருவார். ஆஷிகா சென்னைக்குத்தான் போகிறாள், அட்மிஷன் போட்டாயிற்று. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. அடுத்த கிணறு பக்கத்து ஊரில். அந்த ஊர்க்காரர்கள் வந்து, போர்டு வைத்தால் போதாது, கை தூக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் தம்பி வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன். நான் பொறுப்பு.

நேற்று நடவு முடிந்து கரையேறி, அஸர் தொழுதுவிட்டுக் கையைத் தூக்கினேன். நெஞ்சு உயரத்துக்கு மட்டும்.

வஸ்ஸலாம்,
உன் லாத்தா கமருன்னிஸா.